நெதர்லாந்தின் சிறு நகரங்கள்: ரயில், சைக்கிள், தென்மேற்குக் காற்று

நெதர்லாந்தின் சிறு நகரங்களைப் பார்க்கக் கார் தேவையில்லை என்பதை, பல ஆண்டுகளாக வார இறுதிகளில் ரயிலும் சைக்கிளுமாகச் சுற்றிய அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடியும். காரில் போனால் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, சந்தைச் சதுக்கத்தையும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்த ஊர் எந்த ஆற்றை நம்பிப் பிழைத்தது, எந்தக் கரையின் காவலில் நிற்கிறது என்பதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, சிற்றூர்கள் வழியாகச் சைக்கிளில் சென்று, வேறொரு நிலையத்தில் ரயில் ஏறுவதுதான் எனக்கு மிகவும் ஒத்துவந்த முறை. அதிலும் புறப்படும் முன் காற்றின் திசையைப் பார்த்தே தொடக்க நிலையத்தை முடிவு செய்கிறேன். மேடுபள்ளம் இல்லாத நாடுதான் என்றாலும், தடுக்க எதுவும் இல்லாத போல்டர் வெளியில் (கரை கட்டி, நீரை வடித்து மீட்ட தாழ்நிலத்தில்) எதிர்க்காற்று ஒரு மணி நேரத்தில் கால்களை ஓய்த்துவிடும். இங்கே தென்மேற்குக் காற்றே அதிகம் என்பதால், பெரும்பாலான நாட்களில் கிழக்கோ வடக்கோ நோக்கிச் செல்லும் பாதைகளே சுகமானவை.

எந்த சைக்கிள் என்பது அடுத்த கேள்வி. நீலமும் மஞ்சளுமான ஓவி-ஃபீட்ஸ் வாடகை சைக்கிள் ஏறத்தாழ 300 இடங்களில், பெரும்பாலும் ரயில் நிலையங்களில், கிடைக்கிறது. 24 மணி நேரத்துக்கு வாடகை 5 யூரோவை ஒட்டி வரும். பதிவு செய்த ரயில் அட்டை வேண்டும் என்பதால் இங்கே வசிப்பவர்களுக்கே அது வசதி; சில நாட்களுக்கு வருபவர்கள் நிலையத்தை ஒட்டிய தனியார் கடைகளில் எடுப்பதே எளிது. ஓவி-ஃபீட்ஸ் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை என்பதால், கைப்பிரேக்குக்குப் பழகியவர்கள் நிலையத்தின் முன்பே இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஒரே ஊரைச் சுற்றித் திரும்புவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் எடுத்த இடத்தில் விடாமல் வேறு நிலையத்தில் விட்டால் 10 யூரோ கூடுதலாகப் பிடிக்கிறார்கள். சொந்த சைக்கிளை ரயிலில் ஏற்றலாம்; அதற்குத் தனி நாள் சீட்டு வாங்க வேண்டும், வார நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் பொதுவாக அனுமதி இல்லை. மடக்கு சைக்கிளுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. மடித்து எடுத்துச் சென்றால் எந்த நேரத்திலும் இலவசம். ஆகவே ஒருவழிப் பயணத்தை விரும்புகிறவர்களுக்கு, முதலில் செலவானாலும், மடக்கு சைக்கிளையே பரிந்துரைப்பேன். செங்கல் பாவிய பழைய தெருக்களில் அதன் சிறிய சக்கரங்கள் உடம்பைக் குலுக்கி எடுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பாதை கௌடாவில் தொடங்கி, ஔடவாட்டர் வழியாக, வூர்டனில் முடிவது. மொத்தம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். முதலில் கிழக்கே, பிறகு வடக்கே போவதால் தென்மேற்குக் காற்று கடைசி வரை துணை வரும். கௌடா என்றதும் எல்லோருக்கும் பாலாடைக்கட்டிதான் நினைவுக்கு வரும்; ஆனால் அங்கே தவறவிடக் கூடாதது 123 மீட்டர் நீளமுள்ள புனித யோவான் தேவாலயம். டிர்க், வௌட்டர் கிராபெத் என்ற சகோதரர்கள் 16ஆம் நூற்றாண்டில் தீட்டிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. காலை வெயில் ஏறும் நேரத்தில் உள்ளே போவது நல்லது.

ஊரைத் தாண்டி ஹாஸ்ட்ரெக்ட் வழியாக ஹாலந்து ஐசல் ஆற்றின் கரைமேல் போகும்போதுதான் இந்த நாட்டின் அமைப்பு புரிகிறது. ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம், அதன் நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்து, வாய்க்கால்கள் கோடு கிழித்த புல்வெளி. ஈரத்தில் மட்கிச் சேர்ந்த தாவரச் சேற்று மண்ணிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் நீரை வடித்து வந்ததால் மண் அமுங்கி, நிலம் இறங்கிக்கொண்டே போனது. இறங்க இறங்கக் கரையையும் இறைப்பையும் நம்பியே வாழ வேண்டியதாயிற்று. இதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும், கரைமேல் சைக்கிளில் போய்க்கொண்டே பண்ணை வீடுகளைக் கீழே குனிந்து பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு வேறு.

ஔடவாட்டரில் ரயில் நிலையம் இல்லை. அதனாலேயே அங்கே கூட்டம் குறைவு என்று நினைக்கிறேன். சணல் கயிறு திரித்து வாழ்ந்த ஊர் அது. அங்குள்ள எடை மண்டபத்தில், சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டவர்களை நிறுத்து, உடலுக்கேற்ற எடை இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். சூனியக்காரிக்கு எடை இருக்காது என்று ஊர் உலகம் நம்பிய காலத்தில், நேர்மையாக நிறுத்துக் கொடுத்த ஒரு தராசு எத்தனை பேரின் உயிரைக் காத்திருக்கும் என்று எண்ணியபடி அதன் முன் நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மனதைத் தொடுகிறது. இன்றும் வருபவர்களை அதில் நிறுத்திச் சான்றிதழ் தருகிறார்கள்.

வழி தவறும் என்ற கவலை வேண்டாம். பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் அடுத்த எண்களுக்கான அம்புக்குறி இருக்கும். பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில், ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனையாக 1990களில் தொடங்கிய முறை இது. போக வேண்டிய எண்களை ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால், மழையில் கைப்பேசியை வெளியே எடுக்கும் தேவையே இராது. சாலையில் வெள்ளை முக்கோணங்களின் கூர்முனை நம்மை நோக்கி இருந்தால் நாம் வழிவிட வேண்டும் என்பதை மட்டும் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கிழக்கில் ஸுட்ஃபனிலிருந்து டெவென்டர் வரை ஐசல் ஆற்றோரம் (முன்பு சொன்ன ஹாலந்து ஐசல் அல்ல, இது வேறு ஆறு) போகும் பாதையும் அரை நாளில் முடிவது. ஸுட்ஃபனின் வால்புர்கா தேவாலயத்தில், 16ஆம் நூற்றாண்டில் அமைத்த நூலகம் ஒன்றில், புத்தகங்கள் இன்னமும் மேசையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

ஒரு முழு நாள் இருந்தால் வடக்கே எங்க்ஹவுசெனுக்குப் போகலாம். ரயில் பாதை துறைமுகத்தின் ஓரத்திலேயே முடிகிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இந்தச் சிறு ஊரில்தான் இயங்கியது. வெயில் காலத்தில் இங்கிருந்து ஐசல் ஏரியைக் கடந்து ஸ்டாஃபோரனுக்குச் சைக்கிளோடு படகில் போகலாம். அங்கிருந்து கரையோரமாக வடக்கே ஹிண்டலோபன் வரை பின்காற்றில் சுகமாகப் போய்விடலாம். படகு ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. நேரங்களும் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். ஹிண்டலோபன் நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. ரயிலும் அடிக்கடி வராது. அந்தத் தடத்தை வேறு நிறுவனம் நடத்துவதால், வழியில் நிறுவனம் மாறும்போது ரயில் அட்டையை நிலையத்தில் உள்ள ஒரு கம்பத்தில் காட்டி இறங்கியதைப் பதிந்து (செக்-அவுட்), அடுத்த நிறுவனத்தின் கம்பத்தில் மறுபடி காட்டி ஏறுவதைப் பதிய (செக்-இன்) வேண்டும். 2023 முதல் வங்கி அட்டையையே இதற்குப் பயன்படுத்தலாம் என்றாலும், இறங்கும்போதும் ஏறும்போதும் ஒரே அட்டையையே காட்ட வேண்டும்.