ஹீட்டில் போட்ட ஏசி குளிர்காற்று அடிக்கிறதா? கேஸ் நிரப்ப மட்டும் விடாதீர்கள்

டெல்லியில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வைத்திருக்கிற நம்மவர்கள் எல்லாரும், முக்கியமாக வீட்டில் வயசானவர்கள் இருந்தால், இதைப் படித்துவிடுங்கள். ஹீட் மோடில் ஏசி குளிர்காற்று அடிக்கும்போது ஒருத்தன் வந்து "கேஸ் கதம் ஹோ கயா" (கேஸ் தீர்ந்துபோச்சு) என்று சொன்னால் அவனை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள். எங்களிடம் அப்படிச் சொல்லித்தான் 9,300 ரூபாய் பிடுங்கிக்கொண்டு போனான். மெஷின் முன்பைவிட மோசமானதுதான் மிச்சம்.

நாங்கள் முனீர்கா டி.டி.ஏ. ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஏசி வீட்டுக்காரருடையது, ஒன்றரை டன் இன்வெர்ட்டர், உள்ளே ஓடுகிற குளிரூட்டும் கேஸ் ஆர்-32. மார்கழிக்கு அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். இங்கே அந்த நேரத்துக் குளிர் தெரியும்தானே, ராத்திரி 5, 6 டிகிரி, காலையில் பனிமூட்டத்தில் எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியாது. அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. அப்படி ஒரு சாயங்காலம் ஹீட்டில் போட்ட ஏசி சில்லென்று அடிக்க ஆரம்பித்தது. இன்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கம்பெனி லோகோ மாதிரியே அச்சடித்து, கீழே "ஆத்தரைஸ்டு சர்வீஸ்" என்று போட்டு ஒரு மொபைல் நம்பர். அதற்குத்தான் போன் செய்தோம்.

வந்தவன் ரிமோட்டைத் தொடவில்லை, ஃபில்டரைத் திறக்கவில்லை. நேராக பால்கனிக்குப் போய், மெஷினை ஆஃப் பண்ணச் சொல்லி, அவுட்டோர் யூனிட்டில் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டினான். முள் 145 பக்கத்தில் நின்றது. "பாருங்க மாதாஜி, 250 இருக்கணும், ரொம்பக் கம்மி" என்று இந்தி புரியாத அம்மாவிடம் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னான். அப்புறம் மூடியைக் கழற்றி, பிசிபியும் (மெஷினை இயக்குகிற சர்க்யூட் போர்டு) போய்விட்டது, கடைக்குக் கொண்டுபோய் ரிப்பேர் செய்யணும் என்று போர்டையே கழற்றிக்கொண்டான். அவன் கழற்றும்போது நான் போனில் ஒரு போட்டோ எடுத்தேன், ஊரில் இருக்கிற மாமாவுக்கு அனுப்பலாம் என்று. போர்டு கையில் இல்லாமல் ஏசி செத்த மாதிரிதான். அம்மா இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது யார் பேரம் பேசிக்கொண்டு நிற்பது. போர்டுக்கு 5,500, கேஸுக்கு 3,800. மறுநாள் போர்டை மாட்டி, லேபிள் கிழிந்த ஒரு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றினான். தராசு எதுவும் கொண்டுவரவில்லை. சுடுகாற்று வந்தது, காசு கொடுத்தோம்.

சில நாளிலேயே மறுபடி குளிர்காற்று. இந்தத் தடவை அவுட்டோர் யூனிட் தடதடவென்று அதிர்ந்து, எரர் காட்டி நின்றும்போனது. அவனுக்குப் போன் செய்தால் "கேஸுக்கு கேரண்டி கிடையாது", அடுத்த தடவை போனை எடுக்கவே இல்லை.

மாமா பாளையங்கோட்டையில் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்காக வேலை பார்த்தே தலை நரைத்தவர். வாட்ஸ்ஆப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏலே, குளிர்காத்து வருதுன்னா உள்ள கேஸ் இருக்குன்னுதானல அர்த்தம்? கேஸ் இல்லாம எப்படில குளிரும்?"

இதை எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் கசிந்து போயிருந்தால் காற்று அறையில் இருக்கிற சூட்டிலேயே வரும், இல்லை லேசாக வெதுவெதுப்பாக வரும். அறையைவிடக் குளிர்ச்சியாக வருகிறது என்றால் மெஷின் நன்றாகவே ஓடுகிறது, திசைதான் தப்பு. ஹீட் மோடில் இந்த மெஷின் வெளியே இருக்கிற வெப்பத்தை இழுத்து உள்ளே கொண்டுவரணும். அந்தத் திசையைத் திருப்புவது அவுட்டோர் யூனிட்டுக்குள் இருக்கிற நாலு வழி வால்வு. அதன் தலையில் ஒரு சின்ன காயில், அதற்கு கரண்டு கிடைத்தால் வால்வு ஹீட் பக்கம் திரும்பும். பெரும்பாலான மாடல்களில் கரண்டு கிடைக்கவில்லை என்றால் வால்வு கூல் பக்கமே நின்றுவிடும். ரிமோட்டில் சூரியன் படம் தெரியும், காற்று மட்டும் கூலிங்கில் போட்ட மாதிரி சில்லென்று வரும்.

அந்த 145 கணக்கையும் மாமாதான் உடைத்தார். நின்றுகொண்டிருக்கிற மெஷினில் கேஜ் காட்டுவது வெளியே எவ்வளவு சூடு என்பதைத்தான், உள்ளே கேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை. ஆர்-32 என்றால் 10 டிகிரியில் ஏறக்குறைய 145 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு), 25 டிகிரியில் 230 பக்கம், 40 டிகிரி வெயிலில் 340ஐத் தாண்டும். டெல்லி ஜனவரியில் எந்த நல்ல மெஷினில் கேஜை மாட்டினாலும் முள் கீழேதான் நிற்கும். அதைக் காட்டித்தான் இந்த ஆட்கள் சீசன் முழுக்க சம்பாதிக்கிறார்கள். கேஸ் சரியாக இருக்கிறதா என்று நிச்சயமாகத் தெரியணும் என்றால் இருப்பதை வெளியே எடுத்து, வாக்யூம் போட்டு (குழாய்க்குள் மிச்சமிருப்பதையும் பம்பால் உறிஞ்சி), மெஷினின் லேபிளில் எழுதியிருக்கிற எடைக்குத் தராசில் பார்த்து நிரப்புவதுதான் வழி. தராசு இல்லாமல் வருகிறவன் குத்துமதிப்பாக ஏற்றுகிறான் என்று அர்த்தம்.

வீட்டுக்காரரிடம் வாரண்டி கார்டை வாங்கி, அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து வரவழைத்த பையன் செய்ததைச் சொல்கிறேன். ஹீட்டில் ஓடவிட்டு அவுட்டோர் யூனிட் முன்னால் கையை வைத்தார். வெளியே சுடுகாற்று வந்தது. ஹீட் மோடில் அங்கே சில்லென்று வரணும். "வால்வு திரும்பல சார்" என்று அப்போதே சொல்லிவிட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தால் போர்டிலிருந்து 230 வோல்ட் கிளம்புகிறது, காயிலுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்த இரண்டு ஒயர் கனெக்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளை பிளாஸ்டிக், உள்ளே ஒரு பின் கருகி, லேசாகப் பச்சை பூத்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. முந்தையவன் போர்டைக் கழற்றி மாட்டியபோது அந்தக் கனெக்டர் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் நடுவில் சுடுகாற்று வந்தது. புது கனெக்டர் போட்டு ஹீட்டில் வைத்ததும் உள்ளே "டக்" என்று வால்வு திரும்புகிற சத்தம் எனக்கே கேட்டது. அளவுக்கு மேல் ஏற்றியிருந்த கேஸை எடுத்துவிட்டு, எடை பார்த்து நிரப்பியதற்குத்தான் செலவு அதிகம். கம்ப்ரஸர் தப்பித்தது.

போர்டு கதை இன்னும் மோசம். நான் எடுத்த போட்டோவில் போர்டின் ஓரத்தில் மூலை கிழிந்த பார்கோட் ஸ்டிக்கர் இருக்கிறது. மூடியைத் திறந்தபோது உள்ளே அதே ஸ்டிக்கர், அதே நம்பர், அதே கிழிசல். புதிதாக சால்டர் வைத்த இடம் ஒன்றுகூட இல்லை. பையில் போட்டு ஒரு ராத்திரி வைத்திருந்துவிட்டுத் திருப்பி மாட்டியதற்கு 5,500 ரூபாய். மலை மந்திர் முருகன் கோயிலில் மார்கழி பூஜைக்குப் போனபோது இதைச் சொன்னேன். சரோஜினி நகரிலிருந்து வருகிற ஒரு மாமி, அவர்கள் வீட்டிலும் இப்படித்தான் போர்டை எடுத்துப் போனான், திரும்பி வந்தது வேறு ஏதோ பழைய போர்டு என்றார். தனியாக இருக்கிற பெரியவர்கள்தான் இவர்களுக்குத் தோது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஹீட்டில் போட்டவுடன் உள் ஃபேன் சில நிமிஷம் சுற்றாது, உள் யூனிட்டின் குழாய்கள் சூடாகட்டும் என்று காத்திருக்கும். அது கோளாறே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று காற்று நின்று, வெளியே யூனிட்டிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பினால் பயப்படாதீர்கள், வெளி யூனிட்டின் குழாய்களில் படிந்த பனியை மெஷின் தானே உருக்குகிறது, ஐந்து பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். பனிமூட்ட ராத்திரிகளில் இது அடிக்கடி நடக்கும். ஃபில்டரைக் கழுவுங்கள், டெல்லித் தூசிக்கு அது அடைத்தே இருக்கும். இன்னொன்று, வாடகை வீட்டில் ஏசி ஹீட் வசதி உள்ளதுதானா என்று மாடல் நம்பரை வைத்துப் பாருங்கள். கூலிங் மட்டும் உள்ள மெஷினுக்கும் சில கம்பெனிகள் ஹீட் பட்டன் உள்ள அதே ரிமோட்டைத்தான் கொடுக்கின்றன.

ஸ்டிக்கர் நம்பர், கூகுளில் முதலில் வருகிற நம்பர் இரண்டையும் நம்பாதீர்கள். வாரண்டி கார்டு அல்லது கம்பெனியின் சொந்த ஆப், அவ்வளவுதான். பல கம்பெனிகள் பிசிபிக்கும் கம்ப்ரஸருக்கும் தனியாகக் கூடுதல் வருஷ வாரண்டி தருகின்றன, அது இருந்தால் போர்டுக்குக் காசே கிடையாது. யார் வந்தாலும் போர்டை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக விடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், இந்தி தடுமாறுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நான் புகார் பதிந்து எண் வாங்கியிருக்கிறேன். அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. எனக்கு அவன் கொடுத்தது ஜிஎஸ்டி நம்பர் இல்லாத அரைத்தாள் ரசீதுதான். அதையும், யுபிஐயில் பணம் போன பதிவையும், போர்டின் இரண்டு போட்டோவையும், பிய்ப்பதற்கு முன்னால் எடுத்த அந்த ஸ்டிக்கர் படத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு இதெல்லாம் கேட்பார்கள்.