எஸ்.எஸ்.சி.யா, தமிழ் யூனியனா? கொழும்பு ரசிகருக்கு ஓர் ஒப்பீடு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கிரிக்கெட் பைத்தியம் பிடித்த இளைஞர் ஒருவரிடம் எந்த அணி உங்கள் அணி என்று கேட்டுப் பாருங்கள். சென்னை சுப்பர் கிங்ஸ் என்பார், யாழ்ப்பாணம் கிங்ஸ் என்பார். உள்ளூர்க் கழகம் ஒன்றின் பெயர் வாயில் வருவது அபூர்வம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். கந்துரட்ட, வயம்ப, ருகுணு என்று மாகாண அணிகளை உருவாக்கித் தொடர் நடத்திப் பார்த்தார்கள். சில பருவங்கள் ஓடின, பிறகு நின்றுபோயின. நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்பவை கொழும்புக் கழகங்கள். அவற்றின் மைதானங்கள் நம் வீடுகளிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கின்றன.

சரி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் எதை? போட்டி உண்மையில் இரண்டு கழகங்களுக்கு இடையில்தான். சிங்கள விளையாட்டுக் கழகம் எனும் எஸ்.எஸ்.சி., தமிழ் யூனியன் கிரிக்கெட் மற்றும் தடகளக் கழகம். இரண்டும் பிறந்தது 1899இல். சமூகத்துக்கு ஒரு கழகம் என்று இருந்த காலனிக் காலத்தின் பிள்ளைகள் இவை, பறங்கியருக்கு பி.ஆர்.சி., முஸ்லிம்களுக்கு மூர்ஸ் என்று அந்த வரிசை நீளும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அணியாகப் பார்த்தால் எஸ்.எஸ்.சி. மேலே. நாட்டின் கிரிக்கெட்டுக்குச் செய்ததை வைத்துப் பார்த்தால் தமிழ் யூனியனுக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

கிண்ணங்களை எண்ணினால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். உள்ளூர்ச் சம்பியன் பட்டத்தை எஸ்.எஸ்.சி. அளவுக்கு வேறு எந்தக் கழகமும் வென்றதில்லை. அர்ஜுன ரணதுங்க, மார்வன் அத்தபத்து, மஹேல ஜயவர்தன, திலான் சமரவீர எல்லோரும் அந்தக் கழகத்துக்காரர்கள். கொழும்பின் பெரிய பாடசாலைகளில் துடுப்பாட்டத்தில் பெயர் எடுத்த பையன்களுக்கு எஸ்.எஸ்.சி. என்றால் ஒரு கனவு. தமிழ் யூனியன் 2015–16 பருவத்தில் பிரிமியர் லீக் பட்டத்தை வென்றது. அதற்கு முன் பல தசாப்தங்கள் வெறுங்கையோடு காத்திருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பட்டத்துக்கே நீண்ட காலம் என்ன பெயர் இருந்தது தெரியுமா? சரா கிண்ணம். பாக்கியசோதி சரவணமுத்து, சிவில் சேவை அதிகாரி, தமிழ் யூனியன்காரர். 1948இல் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை உருவானபோது அதன் முதல் தலைவர் அவர். கழகங்கள் ஆண்டுக்கு ஆண்டு மோதிய போட்டிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. எஸ்.எஸ்.சி. தூக்கிய கிண்ணங்களில் பல, ஒரு தமிழரின் பெயர் பொறித்தவை. இன்றைய பிள்ளைகளுக்கு இது சொல்லப்படாதது பெரிய குறை.

இனி மைதானங்கள். எஸ்.எஸ்.சி. மைதானம் கறுவாத்தோட்டத்தில், மெயிட்லண்ட் பிளேசில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் விமான ஓடுதளமாகப் பயன்படுத்திய நிலம். 1952 முதல் கழகத்தின் வீடு அதுதான். முதல் டெஸ்ட் 1984இல், நியூசிலாந்துக்கு எதிராக. ஸ்ரீலங்கா கிரிக்கெட் தலைமையகமும் பக்கத்திலேயே. கையால் இயக்கும் பெரிய ஓட்டப் பலகை, மரங்கள், அமைதியான தெரு: நாள் முழுக்க உட்கார்ந்து டெஸ்ட் பார்க்க கொழும்பில் இதைவிட இதமான இடம் இல்லை.

தமிழ் யூனியனின் வீடு பொரளைப் பக்கம், வனாத்தமுல்லையில். முன்பு கொழும்பு ஓவல், 1977 முதல் பி. சரவணமுத்து மைதானம். சுற்றுப்புறம் நெருக்கமானது, வாகனம் நிறுத்த இடம் தேடித் திண்டாட வேண்டும். வசதியில் எஸ்.எஸ்.சி.க்கு ஈடாகாது. ஆனால் இலங்கைக் கிரிக்கெட்டின் முதல் அத்தியாயங்கள் இங்கேதான் எழுதப்பட்டன. 1948 மார்ச்சில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி இறங்கி ஆடியது இங்கே. பிராட்மன் 20 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். அன்று இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம், தமிழ் யூனியனின் துடுப்பாட்ட வீரர். அதற்கு முந்தைய வருடம் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். அவர் ஆடியதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட்டிருக்க வேண்டும்.

1982 பெப்ரவரியில் இலங்கையின் முதல் டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக, இதே ஓவலில். 3 விக்கெட்டுக்கு 167 ஓட்டங்கள் என்று நல்ல நிலையில் இருந்த இரண்டாவது இன்னிங்ஸ், இங்கிலாந்தின் எம்புரி பந்துவீச்சில் 175 ஓட்டங்களில் சுருண்டது, போட்டியும் போனது. அடுத்த வருடம் ஜூலை, தமிழருக்கு எதிரான கலவரம். பொரளையில் பற்றிய தீ கொழும்பு முழுக்கப் பரவிய நாட்களில் இந்தக் கழகமும் தப்பவில்லை. தமிழ் என்ற பெயரைத் தாங்கிய கழகம், அதுவும் அந்த இடத்தில், பிறகு என்ன ஆகியிருக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். பெயரை மாற்றியிருக்கலாம், கதவை மூடியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. 1985 செப்டெம்பரில் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அதே மைதானத்தில். இந்தியாவை 149 ஓட்டங்களால் வீழ்த்தினார்கள். கபில்தேவைத் தானே பிடியெடுத்து ஆட்டமிழக்கச் செய்து போட்டியை முடித்தார் ருமேஷ் ரத்நாயக்க. நாடு கொண்டாடியது, மறுநாள் விடுமுறை அறிவிக்கும் அளவுக்கு. கலவரம் முடிந்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. எஸ்.எஸ்.சி.யின் எத்தனை பட்டங்களை அடுக்கினாலும் என் மனதில் இந்த ஒன்றுக்கு நிகராகாது.

இரண்டு மைதானங்களின் குணத்தையும் ஒரே தொடரில் பார்க்க வேண்டுமானால் 2006 தென்னாபிரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசியில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டை இழந்த நிலையில் சங்கக்காரவும் மஹேலவும் சேர்ந்தார்கள். பிரியும்போது 624 ஓட்டங்கள் சேர்ந்திருந்தன. மஹேல 374, சங்கக்கார 287. முதல்தரக் கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் அதுவே அதிகபட்ச இணைப்பாட்டம். ஒரு வாரத்துக்குள் ஓவலில் அடுத்த டெஸ்ட். அங்கே பந்து எழும்பியது, திரும்பியது. 352 என்ற இலக்கை இலங்கை ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்கத் தொட்டது. மஹேல 123 எடுத்திருக்காவிட்டால் தோல்விதான். எஸ்.எஸ்.சி. துடுப்பாட்டக்காரரின் சொர்க்கம், ஓவலில் டெஸ்ட் என்றால் முடிவு கிடைக்கும். 2017இல் பங்களாதேஷ் தன் நூறாவது டெஸ்டில் இலங்கையை வென்றதும் ஓவலில்தான்.

அந்தத் தொடரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இரண்டு டெஸ்டிலும் சேர்த்து 22 விக்கெட் எடுத்தவர் முத்தையா முரளிதரன், தமிழ் யூனியன் வீரர். மஹேல எஸ்.எஸ்.சி., சங்கக்கார என்.சி.சி. எனும் நொண்டிஸ்கிரிப்ட்ஸ் கிரிக்கெட் கழகம். ஆக அந்த வெற்றிகளை மூன்று கழகங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன.

முரளி கண்டிப் பையன், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி மாணவர். கொழும்புக்கு வந்து சேர்ந்த இடம் தமிழ் யூனியன். பிறகு ரங்கன ஹேரத்தும் அங்கே ஆடினார். 800, 433: இருவரின் டெஸ்ட் விக்கெட்களையும் கூட்டினால் 1233. இப்படி இரண்டு சுழற்பந்து வீச்சாளர்களை அணியில் வைத்திருந்த கழகம் உலகத்தில் எத்தனை இருக்கும்? இருவருமே தங்கள் பெரிய சாதனைகள் சிலவற்றை எஸ்.எஸ்.சி.யில்தான் செய்தார்கள். முரளி அங்கே எடுத்தது 166 டெஸ்ட் விக்கெட். 2014இல் பாகிஸ்தானுக்கு எதிராக ஹேரத் ஒரே இன்னிங்சில் 9 விக்கெட் எடுத்ததும் அங்கே. தட்டையான ஆடுகளம் என்று பெயர் எடுத்த இடத்தில்!

ஹேரத், சுரங்க லக்மால் போன்றவர்களைப் பார்த்து, இது இப்போது தமிழ்க் கழகமே இல்லையே என்று சிலர் குறைப்படுவதுண்டு. ஆடுவோரில் பெரும்பாலானோர் சிங்கள இளைஞர்கள் என்பது உண்மை. நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு தமிழ்ப் பெயரைத் தொப்பியில் சுமந்து எல்லோரும் ஆடுகிறார்கள். இந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் பையன்களுக்குக் கொழும்பில் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், பயிற்சிக்கு வேலையில் விடுப்பு வேண்டும். திறமை இருந்தும் இந்த மூன்றும் இல்லாமல் திரும்பிப் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

மூன்றாவது தெரிவாக என்.சி.சி.யைச் சொல்வோர் உண்டு. 1888இல் தொடங்கியது, எந்த இனத்தின் பெயரையும் தாங்காதது, அரவிந்த டி சில்வா, சங்கக்கார, ரசல் ஆர்னல்ட் ஆடிய கழகம். கொள்கையாக எனக்கு மிகப் பிடித்தது இதுதான். மைதானமும் எஸ்.எஸ்.சி.க்குப் பக்கத்திலேயே. 1863இல் தொடங்கிய சி.சி.சி. எனும் கொழும்பு கிரிக்கெட் கழகம் எல்லாவற்றிலும் மூத்தது, ஆனால் நீண்ட காலம் ஐரோப்பியருக்கு மட்டுமே என்று இருந்தது. மனம் ஒட்டவில்லை.

யாழ்ப்பாணம் கிங்ஸ்? 2020இல் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 2024 வரை நடந்த ஐந்து லங்கா பிரிமியர் லீக் (எல்.பி.எல்.) தொடர்களில் நான்கை வென்ற அணி. உற்சாகம் நியாயமானது, நானும் கைதட்டியவன். ஆனால் அந்த ஐந்து வருடங்களில் யாழ்ப்பாண மண்ணில் அது ஒரு எல்.பி.எல். போட்டிகூட ஆடவில்லை. உரிமையாளர் மாறினால் பெயரும் மாறும். வருடத்தில் சில வாரங்களோடு எல்லாம் முடிந்துவிடும். கழகத்துக்குப் பதிலாக இதை வைக்க முடியாது, கூடவே வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே நல்ல துடுப்பாட்டம் மட்டும் போதும் என்பவர் மெயிட்லண்ட் பிளேசுக்குப் போகட்டும், எஸ்.எஸ்.சி.யும் என்.சி.சி.யும் மோதும் நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. மற்றவர்களுக்கு என் பரிந்துரை பொரளை. கழக ஆட்டங்களுக்குப் பொதுவாக டிக்கெட் வாங்கத் தேவையில்லை. நாலு நாள் ஆட்டமென்றால் மூன்றாம் நாள் பிற்பகல் போங்கள், சுழற்பந்து வீச்சாளர்களுக்கு ஆடுகளம் உதவத் தொடங்கும் நேரம் அது. பாடசாலையில் பந்து சுழற்றும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள்.