எல்.ஏ. போட்டாச்சு என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

சொந்தமாக 11 கே.வி. டிரான்ஸ்பார்மர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் மின் பராமரிப்பு பார்க்கும் பட்டறையில் போன மாதம் ஒரே இடியில் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. இத்தனைக்கும் மூன்று பேஸுக்கும் லைட்னிங் அரெஸ்டர் (எல்.ஏ., இடியால் வரும் அதிக மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பிவிடும் கருவி) இருந்தது. போட்டு ஏழு மாதம்கூட ஆகவில்லை.

காலையில் போய்ப் பார்த்தபோது மூன்று அரெஸ்டரும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. டேங்க் மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்து கருகிய வாடை. ஹெச்.டி. சுருளில், அதாவது 11 கே.வி. பக்கத்துச் சுருளில், ஒரு பேஸ் எரிந்திருந்தது. வேலை எடுத்த ஒப்பந்ததாரரைப் போனில் பிடித்தேன். "இடி விழுந்தா யாரு சார் என்ன பண்ண முடியும்?" என்றார். அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்புறம் அனுபவமுள்ள சோதனைப் பொறியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் முதலில் கையில் எடுத்தது அளவு டேப்தான். புஷிங்கிலிருந்து (லைன் டேங்குக்குள் நுழைகிற பீங்கான் குழல்) அரெஸ்டர் தலைக்கு இறங்கிய ஒயர் 3 மீட்டர். அரெஸ்டரின் எர்த் பட்டை தனியாக ஒரு குழிக்குப் போயிருந்தது, டேங்கோடு எங்கேயும் இணைக்கவில்லை. அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

அவர் போட்ட கணக்கை அப்படியே சொல்கிறேன். சர்ஜ், அதாவது இடியால் திடீரென எகிறும் மின்னழுத்தம், வரும்போது எங்கள் அரெஸ்டர் தன் இரு முனைகளுக்கு இடையே சுமார் 30 கே.வி.யில் பிடித்து நிறுத்தும். டிரான்ஸ்பார்மர் 75 கே.வி. வரை தாங்கும். தாராளமான இடைவெளி. ஆனால் நேரான ஒயருக்கே மீட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று ஏறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு. மின்னோட்டம் ஒரு மைக்ரோ செகண்டில் 10,000 ஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு 10 கே.வி., 3 மீட்டருக்கு 30 கே.வி. அந்த 30 கே.வி.யும் சேர்ந்து சுருளின் மேல்தான் விழும். எர்த் பிரிந்திருந்தால் இன்னும் மோசம். 10 ஓம் எர்த்தில் 5,000 ஆம்பியர் இறங்கினால் அங்கேயே 50 கே.வி. எழும். அரெஸ்டரின் அடியையும் டேங்கையும் குட்டையான பட்டையால் சேர்த்திருந்தால் டேங்கும் கூடவே உயர்ந்திருக்கும், சுருளுக்கும் டேங்குக்கும் நடுவே அந்த 50 வந்திருக்காது. ஒரு முழம் பட்டையில் முடிகிற வேலை. அதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, வேலைதான் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நினைத்தால், அரெஸ்டர்களும் ஏமாற்று. பில்லில் மூன்றும் புதிய ஜிங்க் ஆக்சைடு வகை. கழற்றிக் கீழே வைத்து ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் பழைய பெயர்ப்பலகை, வரிசை எண் இருந்த இடம் மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வழவழவென்று இருந்தது. மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி, அளவு கூடினால் நல்லது) வைத்தபோது இரண்டு அரெஸ்டர்கள் ஆயிரக்கணக்கில் மெகாஓம் காட்டின. மூன்றாவது 40-ஐத் தாண்டவில்லை. மேல்மூடி சீல் வெடித்து உள்ளே ஈரம் போயிருந்தது.

எங்கள் இடத்தில் மெகர் வைத்ததாகச் சொல்லும் சோதனை அறிக்கை? அதுவும் கோப்பில் இருக்கிறது, மூன்றுக்கும் ஒரே அளவு எழுதி. தேதியைப் பார்த்தால், சரக்கு எங்கள் வாசலுக்கு வருவதற்கு நான்கு நாள் முந்தையது. வாங்கி வைக்கும்போது நான் படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை.

உங்கள் இடத்தில் எல்.ஏ. போட வந்தால் பெட்டி பிரிக்கும்போதே பக்கத்தில் நில்லுங்கள். பெயர்ப்பலகையையும் வரிசை எண்ணையும் படமெடுத்து, தயாரிப்பாளரின் சோதனைச் சான்றோடு ஒத்துப் பாருங்கள். மெகர் உங்கள் கண்ணெதிரே வைக்கட்டும். ஒயரைச் சுருட்டிக் கட்டி அழகு பார்க்க விடாதீர்கள், ஒவ்வொரு சுற்றும் இண்டக்டன்ஸைக் கூட்டும். எர்த் பட்டை டேங்கைத் தொடுகிறதா என்று லைன் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள், கொடுத்த பிறகு கிட்டப் போகக் கூடாது.

இப்போது புது டிரான்ஸ்பார்மரில் அரெஸ்டர்களை டேங்கின் மேலேயே, புஷிங்கை ஒட்டிப் பொருத்தியிருக்கிறோம். மேல் ஒயர் 35 சென்டிமீட்டர். பழைய மூன்றும் ஸ்டிக்கர் பாதி உரிந்தபடி ஸ்டோரில் இருக்கின்றன. ஒப்பந்ததாரர் இப்போது போன் எடுப்பதில்லை.