கிமி நி தொதோகேயா, ஆவோ ஹாரு ரைடா?

இரண்டுமே பெசாட்சு மார்கரெட் இதழில் தொடராக வந்த பள்ளிக் காதல் மாங்காக்கள், அதாவது ஜப்பானியப் படக்கதைகள். முதலாவது 30 தொகுதிகள், மற்றது 13தான். ஆனாலும் புதிதாகப் படிப்பவருக்கு நான் ‘கிமி நி தொதோகே’யைத்தான் கொடுப்பேன்.

பேய்ப்படப் பெண்ணின் பெயரை வைத்து வகுப்பே ஒதுக்கும் சவாகோவிடம் வகுப்புத் தோழன் கசேஹாயா இயல்பாகப் பேசுகிறான். அப்புறம் அவளுக்குத் தோழிகளும் கிடைக்கிறார்கள். யானோவும் சிசுருவும் வரும் பக்கங்கள் எனக்கு உயிர். ஆனால் ஒரே பேச்சில் தீர வேண்டிய குழப்பம் தொகுதி தொகுதியாக இழுக்கிறது. எத்தனை முறைதான் தப்பாகப் புரிந்துகொள்வார்கள்!

‘ஆவோ ஹாரு ரைடு’ வேகமானது, வலியும் அதிகம். தாயை இழந்த கோ, தந்தையை இழந்த தோழி நருமியைத் தனியே விட மனமில்லாமல், தன்னை நேசிக்கும் நாயகி ஃபுதாபாவைத் தள்ளி வைக்கிறான். அவன் துக்கம் புரிகிறது, கோபமும் வருகிறது. ஃபுதாபாவைக் காதலித்து நடுவில் மாட்டிக்கொண்ட கிக்குச்சிக்காக இன்னும் வருந்துகிறேன்.