பழைய டிரம் மேடைக்கு 12 வோல்ட் கியர் மோட்டார்: வாங்கலாமா?

கலர் போட்டோ பிரிண்டை இன்னமும் மருந்து ஊற்றிய டிரம்மில் போட்டு உருட்டிக் கழுவுகிறவர்கள் கோவையில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்களோ, அவர்களுக்காக இது. என்னிடம் இருப்பது அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த பழைய மோட்டார் மேடை. இரண்டு உருளைகள்; ஒன்றை மோட்டார் சுற்றும், மேலே படுத்திருக்கும் டிரம் அதோடு சேர்ந்து உருளும். உள்ளே காகிதம், அதை நனைக்க 70 மில்லி டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து. யூனிகலர், பெசிலர் டிரம்கள் எல்லாமே இந்த வகைதான். டிரம்மில் கெட்டுப்போக ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்டிக் குழாயும் மூடியும்தான். மேடையில் இருக்கும் மோட்டாருக்குத்தான் முதலில் கிழடு தட்டுகிறது.

அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டார். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைத்துத் தரும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும், சூடும் அதிகம் ஏறும். நான்கு பிரிண்ட் போட்டதும் மேடையில் கை வைக்க முடியாது. பிளிக்ஸ் (டெவலப்பருக்குப் பிறகு ஊற்றும், படத்தை நிலைநிறுத்தும் மருந்து) சொட்டும் ஈரக் கையோடு இருட்டில் அந்த ஒயருக்குப் பக்கத்தில் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஜோபோ மாதிரி டிரம்மை உருட்டிக் கழுவும் இயந்திரத்தைப் புதிதாக வாங்குவதென்றால் லட்சக் கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே மேடையை வைத்துக்கொண்டு மோட்டாரை மட்டும் மாற்றினேன்.

பம்புசெட் மோட்டார் எந்த அளவில் கேட்டாலும் கிடைக்கும் ஊர் இது. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார் வேண்டுமென்றால், ரோபோ செய்யும் கல்லூரிப் பையன்கள் போகிற கடைக்குத்தான் போக வேண்டும். “எதுக்குங்ண்ணா, லைன் ஃபாலோவரா?” என்று, தரையில் போட்ட கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோவை நினைத்துக் கேட்டார் கடைக்காரர். போட்டோ கழுவ என்றதும் சற்று நேரம் பார்த்துவிட்டு, கார் வைப்பர் மோட்டாரைக் காட்டினார். அது வேண்டாம். கரன்ட்டை நிறைய இழுக்கும், சத்தமும் அதிகம், திசை மாற்றி ஓட்டுவதற்காகச் செய்ததும் அல்ல. நான் எடுத்தது 12 வோல்ட் டி.சி. கியர் மோட்டார்: 37 மி.மீ. கியர்பெட்டி, 6 மி.மீ. தண்டு, 100 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 100 சுற்று). பெயர் பொறிக்காத சரக்கு, விலை 600 ரூபாய்க்குள். சிசிடிவி கேமராவுக்கு விற்கும் 2 ஆம்பியர் அடாப்டரிலேயே ஓடுகிறது.

100 ஆர்.பி.எம். என்றதும் பயப்பட வேண்டாம். என் மேடை உருளையின் விட்டம் 25 மி.மீ., 8-க்கு 10 அங்குலக் காகிதத்துக்கான டிரம்மின் விட்டம் 80 மி.மீ. உருளை நூறு சுற்று சுற்றினால் டிரம் 31 சுற்றுதான் சுற்றும். எனக்கு வேண்டிய வேகம் அதுதான். வாங்கப் போகுமுன் உங்கள் உருளையையும் டிரம்மையும் அளந்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைக்கத்தான் கன்ட்ரோலர் இருக்கிறதே என்று 300 ஆர்.பி.எம். மோட்டாரை எடுத்துவிடாதீர்கள். கன்ட்ரோலரை ரொம்பக் கீழே திருகினால் இழுவை போய்விடும். டெவலப்பரை ஊற்றியதும் டிரம் தயங்கித் தயங்கி ஓடும், சில சமயம் நின்றேவிடும். சரியான கியரை வாங்கிக் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓட்டுவதே நல்லது. பார்த்தால் கன்ட்ரோலரே தேவையில்லை. நான் வாங்கியது ‘கீ...’ என்று மெல்லிய சத்தம் வேறு போட்டுக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டேன்.

பொருத்துவதில்தான் வேலை. இந்தக் கியர்பெட்டியில் தண்டு நடுவில் இருக்காது, ஓரமாகத் தள்ளியிருக்கும். அதற்குத் தகுந்தபடி தகட்டில் துளை போட வேண்டும். மேடை உருளையின் தண்டு கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ.; மோட்டாருடையது 6. இரண்டையும் இணைக்க, இங்கே கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளை புஷ் கடைந்து வாங்கினேன். முகப்பில் மாட்டும் ஸ்க்ரூக்கள் நீளமாக இருந்தால் உள்ளே போய்ப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், குட்டையாகப் பார்த்து வாங்குங்கள். மோட்டாரை உருளைக்கு நேராக, பிளிக்ஸ் சொட்டாத பக்கமாக வையுங்கள். அது பட்டால் கியர்பெட்டி துருப்பிடிக்கும்.

இத்தனைக்கும் மோட்டாரைவிட எனக்குப் பிடித்துப்போனது கூடவே வாங்கிய டைமர் ரிலேதான்; வைத்த நேரம் முடிந்ததும் மோட்டாரின் திசையைத் தானே மாற்றும் சுவிட்ச் அது. ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால் மருந்தும் ஒரே தடத்தில் ஓடும், பிரிண்டில் கோடு விழும். அதனால் திசை மாற வேண்டும். கலர் காகிதத்தைக் கழுவும் ஆர்ஏ-4 முறையில் டெவலப்பருக்கு 35 டிகிரியில் 45 விநாடிதான் நேரம். அதற்குள் இரண்டு தடவை மட்டும் திரும்புகிற மேடையால் பெரிய பயன் இல்லை. இந்த ரிலேயில் போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாக வைக்கலாம். முன்னால் 6 விநாடி, பின்னால் 5 விநாடி வைத்திருக்கிறேன். இரண்டும் சமமாக இருந்தால் டிரம் எப்போதும் அதே இடங்களில்தான் திரும்பும்; ஒரு விநாடி வித்தியாசம் இருந்தால் திரும்பும் இடம் நகர்ந்துகொண்டே போகும்.

சோதிப்பதற்குக் காகிதம் முழுவதும் நடுச் சாம்பல் வருகிற மாதிரி வெளிச்சம் காட்டிக் கழுவிப் பார்த்தேன். குறை இருந்தால் மறைக்க இடம் கொடுக்காத சோதனை இது. பழைய மோட்டாரில் ஒரு விளிம்பு இருட்டாக வரும். இப்போது நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கிறது. அதில் பாதிப் பெருமை மேடைக்கு அடியில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்ததற்குப் போக வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரிலே திசை மாற்றும் போதெல்லாம் கியர் ‘டக்’ என்று தட்டும். டிரம் உருளை மேல் கொஞ்சம் வழுக்கி அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, அதனால் இதுவரை பல் எதுவும் போகவில்லை. ரிலே போர்டில் இருக்கும் சிவப்பு எல்.இ.டி. இன்னொரு தொல்லை. கலர் காகிதத்தை முழு இருட்டில்தான் டிரம்மில் ஏற்ற வேண்டும். அந்தப் பொட்டு வெளிச்சமே காகிதத்தில் நிறப் படலமாக ஏறிவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள்.

11-க்கு 14 டிரம் வரை இந்த மோட்டார் தாராளமாக இழுக்கிறது. 16-க்கு 20 டிரம் வைத்திருப்பவர்கள் இன்னும் கனமான கியர்பெட்டியாகப் பாருங்கள், இதை வாங்க வேண்டாம். கடையில் எடுக்கும்போது தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒரே பெட்டியில் இருந்த மூன்றில் ஒன்று லொடலொட என்று ஆடியது.