கூகுள் ஸ்காலரா, எம்.எல்.ஏ. நூற்பட்டியலா?

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை ஆய்வு தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத்தான். 2004-ல் வந்தது, இலவசம், கட்டுரைகளின் உள்ளேயும் சொற்களைத் தேடும். ஆனால் ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று வெறுமனே ‘எம்மா’ என்று தட்டிப் பாருங்கள். எம்மா என்ற பெயருள்ள மருத்துவர்களும் உளவியலாளர்களும் எழுதிய கட்டுரைகள்தான் வந்து குவியும். நாவலின் பெயர் எது, ஆளின் பெயர் எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது.

எம்.எல்.ஏ. நூற்பட்டியல் என்பது அமெரிக்காவின் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் தொகுக்கும், இலக்கிய ஆய்வுகளுக்கான தேடல் பட்டியல். அதில் ஒவ்வொரு பதிவையும் துறை தெரிந்தவர்கள் வகைப்படுத்துகிறார்கள். எந்த எழுத்தாளரைப் பற்றியது, எந்தப் படைப்பைப் பற்றியது என்பதற்குத் தனித்தனிப் புலங்கள் (தேடல் கட்டங்கள்) உண்டு. படைப்புக்கான புலத்தில் ‘எம்மா’ என்று கொடுத்தால் பெரும்பாலும் அந்த நாவலைப் பற்றியவையே வரும். தொகுப்பு நூல்களின் தனி இயல்கள்கூட அகப்படும். இலக்கிய ஆய்வில் நல்ல விவாதங்கள் பல அந்த இயல்களில்தான் இருக்கின்றன. என் ஓட்டு இந்த நூற்பட்டியலுக்குத்தான். சந்தா இல்லாத நூலகத்தில் கிடைக்காது என்பது உண்மையிலேயே பெரிய குறை.

சரி, ஸ்காலரை ஒதுக்கிவிடலாமா? கூடாது. நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்ததும் அதைப் பின்னால் யார் மேற்கோள் காட்டினார்கள், யார் மறுத்தார்கள் என்று தேட ஸ்காலர் போல வசதியானது வேறில்லை. ஆனால், அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை பெரும்பாலும் முதலில் வந்து நிற்பதால், போன வருடம் வந்த கட்டுரையைப் பிடிக்க ஆண்டு வடிகட்டியைப் போட்டே ஆக வேண்டும்.