பழைய ஆல்டிஸுக்கு எந்தச் சக்கரம்: 15, 16, 17 அங்குலம்?

சிங்கப்பூரில் கார் வைத்திருக்க எடுக்க வேண்டிய பத்து வருட உரிமைச் சான்றிதழான சிஓஇ ஒரு லட்சம் வெள்ளியை எட்டிப் பார்த்த பிறகு, பத்து வயதான காரைக் கழிக்க மனமில்லாமல் சிஓஇயைப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். சாயம் பூசியாச்சு, இருக்கை உறை மாற்றியாச்சு, அப்புறம் கண் போவது சக்கரத்தின் மேல்தான். "17 போட்டா காடியே வேற மாதிரி தெரியும் அண்ணே" என்று யாராவது ஏற்றிவிட்டிருப்பார்கள். தெரியும்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அதே காசில் வேறு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

உதாரணத்துக்கு 2008-இல் வந்த தலைமுறை கொரோலா ஆல்டிஸையே எடுத்துக்கொள்வோம். எந்த வீவக (அரசு அடுக்குமாடி) கார் நிறுத்துமிடத்திலும் ஒன்றாவது நிற்கும். டொயோட்டாவே இந்தக் காருக்கு 195/65 ஆர்15, 205/55 ஆர்16 என்று இரண்டு அளவுகளைக் கொடுத்தது. கடைக்காரர்கள் கூடுதலாகச் சொல்வது 215/45 ஆர்17. உங்களுடையது வேறு காராக இருந்தால் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் சிறிய தாளைப் பாருங்கள். அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. கடைசி எண் ரிம்மின், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் மூன்று டயர்களின் மொத்த விட்டமும் முறையே 634, 632, 625 மி.மீ. வருகிறது. 17-இல் மீட்டர் 90 காட்டும்போது கார் முன்பு ஓடியதைவிட ஒன்றேகால் கிலோமீட்டர் மெதுவாக ஓடும். கவலைப்பட ஒன்றுமில்லை. உண்மையான வித்தியாசம் பக்கச்சுவரில்: 127, 113, 97 மி.மீ. தரைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கும் மெத்தை அதுதான். 15-இலிருந்து 17-க்குப் போனால் அதில் மூன்று சென்டிமீட்டர் போய்விடும்.

பழைய கார் என்பதால் இது இன்னும் முக்கியம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஷாக் அப்சார்பரும், சக்கரத்தைத் தாங்கும் இணைப்புகளில் வெடிப்பு விட்ட ரப்பர் புஷ்களும் கொண்ட வண்டியில் மெல்லிய டயரை மாட்டினால், இதுவரை டயர் விழுங்கிய அதிர்ச்சி எல்லாம் நேரே அந்தப் புஷ்களுக்குப் போகும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் குறை ரிம்மில் இல்லை. அது ஏற்கனவே இருந்த தேய்மானம், தடித்த டயர் அதை மறைத்து வைத்திருந்தது. போதாததற்கு மலிவான வார்ப்பு 17 ரிம் ஒன்று பழைய 15-ஐவிட இரண்டு மூன்று கிலோ கூடுதலாக இருக்கும். சிக்னலில் நின்று நின்று கிளம்பும் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு அது தெரியாமல் போகாது.

17-க்கு ஆதரவாகவும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பும், அந்தத் தொளதொளப்பு குறையும். விரைவுச்சாலையில் தடம் மாறும்போது ஒரு உறுதி தெரியும். வளைவுகளை ரசித்து ஓட்டுபவருக்கு இது பொருட்படுத்த வேண்டிய லாபம்தான். இங்கே விரைவுச்சாலையின் உச்ச வேகமே 90 என்பதால் அந்த லாபத்தை எத்தனை தடவை அனுபவிப்போம் என்பது வேறு கேள்வி.

17 வாங்குபவர்கள் பார்க்கத் தவறுகிற ஒரு எண் உண்டு. டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து 91 அல்லது 87 என்று இருக்கும். அது டயர் தாங்கும் எடையின் குறியீடு. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 87 என்றால் 545 கிலோ. வழக்கமான 195/65 ஆர்15-உம் 205/55 ஆர்16-உம் 91. சாதாரண 215/45 ஆர்17 வெறும் 87. குடும்பத்தோடு, பெட்டி படுக்கையோடு மலேசியாவின் பத்துமலைக்குக் கிளம்புகிற காரில் நான்கு சக்கரத்திலும் தலா 70 கிலோ தாங்கும் திறனைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. 17-தான் வேண்டும் என்றால் பக்கத்தில் 'எக்ஸ்எல்' (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்ட 91-ஐக் கேட்டு வாங்கி, காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் 225/45 ஆர்17 எடுங்கள். அது சாதாரண வகையிலேயே 91, விட்டமும் பழைய 634-ஏ வரும். ஆனால் அதற்கு ரிம் 7 அங்குல அகலமாவது இருக்க வேண்டும், சக்கர வளைவுக்குள் இடமும் வேண்டும்.

அகலமான டயர் சாலையை அதிகம் பிடிக்கும் என்பது பாதி உண்மை. முன்சக்கரம் ஒன்றின் மேல் 360 கிலோ இருக்கிறது, காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 155 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் மாறாத வரை 195 போட்டாலும் 215 போட்டாலும் இதில் பெரிய மாற்றம் வராது. தடத்தின் வடிவம்தான் மாறும், நீளம் குறைந்து அகலம் கூடும். காய்ந்த வளைவில் அது உதவும். ஆனால் சாயங்கால மழையில் தீவு விரைவுச்சாலையில் தண்ணீர் தேங்கும்போது, அகலத் தடம் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டியிருக்கிறது. ஒரே தரமான இரண்டு டயர்களில் அகலமானதுதான் முதலில் தண்ணீர் மேல் வழுக்கும். நம் ஊர் மழையை நினைத்தால் நான் அகலத்துக்குக் கொடுக்கும் காசை ரப்பரின் தரத்துக்குக் கொடுப்பேன். பேர் தெரியாத 17 நான்கைவிட, ஈரச் சாலையில் நன்றாக நிற்கும் 15 நான்கு பிரேக் மிதிக்கும்போது காப்பாற்றும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் 16. இந்தக் காருக்கு என் ஓட்டு இதற்குத்தான். உற்பத்தியாளரே கொடுத்த அளவு, எடைக் குறியீடு மாறவில்லை, பக்கச்சுவரில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் போகிறது, பார்வைக்கும் சக்கர வளைவு வெறுமையாகத் தெரியாது. 205/55 ஆர்16 உலகம் முழுக்க ஓடும் அளவு என்பதால் எந்தக் கடையிலும் நாலைந்து பிராண்டாவது கிடைக்கும். சிஓஇ இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் மிச்சம் என்பவர் 15-லேயே இருந்துவிடட்டும். நல்ல டயர், புது புஷ், புது ஷாக் அப்சார்பர் போட்டால் கார் பத்து வயது குறைந்ததுபோல் ஓடும்.

சட்டம் பெரிதாக மிரட்டாது. ரிம் மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் சக்கரம் ஃபெண்டருக்கு, அதாவது சக்கரத்தை மூடும் தகட்டுக்கு வெளியே துருத்தக்கூடாது, டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. பத்து வயது தாண்டிய கார் வருடந்தோறும் சோதனைக்குப் போகிறது, அங்கே ஒளிக்க முடியாது. துருத்துவதைத் தீர்மானிப்பது, ரிம்மின் அகலத்தோடு, ஆஃப்செட் என்ற எண்: ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். பழைய ரிம் 6 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வையுங்கள். அழகாக இருக்கிறதே என்று 7.5 அகலம், ஆஃப்செட் 35 வாங்கினால் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பும் 9 மி.மீ. உள்ளே நகரும். பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மேட்டில் ஏறினால் உரசும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, முன்சக்கர வளைவின் உள் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். வழுவழுப்பாகப் பளபளக்கும் ஒரு கோடு இருந்தால் உரசல் தொடங்கிவிட்டது. அப்படியே காப்பீட்டு நிறுவனத்திடமும் ரிம் மாற்றியதை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பழைய ரிம் செட் வாங்குபவர்கள் போல்ட் அமைப்பை, அதாவது எத்தனை போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் எத்தனை மி.மீ. என்பதைச் சரிபாருங்கள். கொரோலா குடும்பத்திலேயே 5×100, 5×114.3 இரண்டும் உண்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாது. ரிம்மைச் சுழலவிட்டு உள் விளிம்பைக் கவனியுங்கள், குழியில் விழுந்த ரிம் முதலில் வளைவது அங்கேதான். நடுத் துளை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் வளையம் போடாமல் விடாதீர்கள், இல்லாவிட்டால் 80-இல் ஸ்டீயரிங் நடுங்கும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய் மாற்றுவதா, இங்கேயேவா? டயர் விலை அங்கே குறையலாம். ஆனால் பாலத்து நெரிசலில் போகும் நேரத்தையும், பிறகு குறை வந்தால் திரும்ப ஓட வேண்டியதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 1225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். மாட்டும்போது ஏர் கன்னால் 'டர்ர்' என்று இறுக்கிவிட்டுப் போக விடாதீர்கள், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரெஞ்ச் கேளுங்கள். ஆல்டிஸுக்கு 103 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை திரும்பச் சரிபார்க்கவும் சொல்லிவிடுங்கள்.